ஏழாம் இலக்க மண் மூட்டை

தனிமைப்படுத்தல் அறைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு முதலில் ஓர் எச்சரிக்கை. நீங்கள் எந்த நாட்டில் பிறந்தீர்கள் என்பதை இந்தக் கட்டடத்தில் யாரிடமும் சொல்லாதீர்கள். சொன்னால், அந்த நாட்டிலிருந்து வந்து சேரும் பாம்பு, பல்லி, ஆமை எல்லாவற்றுக்கும் நீங்களே நிபுணர் ஆகிவிடுவீர்கள். எங்கள் வரவேற்பறையில் பிரேசில் நாட்டுப் பெண் ஒருவர் இருந்தார். மதியச் சாப்பாட்டின் நடுவே அவரை எழுப்பிக்கொண்டு போய், ஒரு கிளி ஏன் தன் இறகைத் தானே பிடுங்குகிறது என்று கேட்டார்கள். அவர் பிறந்து வளர்ந்தது ஒரு பெருநகரத்தின் பதினேழாம் மாடியில். "எனக்கு எப்படித் தெரியும்?" என்று சொல்லிவிட்டுப் போய்ச் சாப்பிட்டார். நேர்மையான பெண். நான் அவ்வளவு நேர்மையானவன் அல்ல.

எல்லையில் பறிமுதல் செய்யப்படும் விலங்குகளை வழக்கு முடியும்வரை வைத்துப் பராமரிக்கும் இடம் நம்முடையது. கியூபெக்கின் புவாண்ட்-கிளேரில், தளபாடக் கிடங்குக்கும் குளிர்சாதனப் பெட்டிக் கிடங்குக்கும் நடுவே இருப்பதால், கட்டில் வாங்க வந்தவர்கள் பலர் எங்கள் மணியை அடித்திருக்கிறார்கள். அங்கே இருபத்தாறு வருடம் வேலை செய்து ஓய்வுபெற்றேன். கடைசிப் பதினான்கு வருடம் தனிமைப்படுத்தல் அறைக்குப் பொறுப்பாளன். நீங்கள் இன்று கையொப்பமிடும் படிவங்களில் பாதியை வரைந்தவன் நான். அதற்காக என்னைத் திட்டுவீர்கள் என்று தெரியும். திட்டுவதற்கும் ஒரு படிவம் இருக்கிறது.

எனக்கு வேலை பழக்கியவர் ஒரு கியூபெக் கிழவர். பெயர் வேண்டாம். அவர் எனக்குத் தந்த ஒரே அறிவுரை: "பதில் தெரியாத கேள்வி வந்தால் கை கழுவப் போ. இங்கே கை கழுவுவதை எவரும் குற்றம் சொல்ல முடியாது. நீ கழுவி முடிப்பதற்குள் கேட்டவர் வேறொருவரைக் கேட்டுவிடுவார்." இருபது வருடம் இதைப் பின்பற்றினேன். என் கைகளைப் பார்த்தவர்கள் நான் அறுவைச் சிகிச்சை நிபுணர் என்று நினைத்தார்கள்.

ஒரு ஜனவரி மாதம் விமான நிலையத்திலிருந்து ஆறு தவளைகள் வந்தன. அரிய விலங்குகளைத் தனியாகச் சேகரிக்கும் ஒரு கனவான், மூன்று தேயிலைத் தகரப் பேணிகளுக்குள் ஈரமான காலுறைகளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். உள்ளே உயிர் இருப்பது தனக்குத் தெரியாது என்றாராம். காலுறை ஏன் ஈரம் என்று கேட்டதற்கு, பயணத்தில் தனக்கு வியர்க்கும் என்றாராம். தவளைகள் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியவை. காய்ந்த இலையின் நிறம். ஐந்து ஆண், சற்றுப் பெரிய ஒரு பெண். இலங்கையின் மலைக்காட்டுப் புதர்த்தவளைகள் என்பது மட்டும் தெரிந்தது. அந்தச் சின்னத் தீவின் தவளைகளில் பல உலகில் வேறெங்கும் இல்லாதவை. சில ஏற்கனவே அழிந்துபோய், அருங்காட்சியகப் போத்தல்களில் மட்டும் மிதக்கின்றன. இன்னும் மிதக்கத் தொடங்காதவற்றில் ஆறு, எங்கள் மேசைமேல் இருந்தன.

எங்கள் இயக்குநர் அம்மையார் கண்ணாடிப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

"இலங்கை! உங்கள் தீவு அல்லவா? இவற்றைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்குமே."

நான் கை கழுவப் போனேன். திரும்பி வந்தபோது, படிவத்தில் 'இன ஆலோசகர்' என்ற கட்டத்தில் என் பெயர் எழுதப்பட்டிருந்தது. அழகான கையெழுத்து. அடித்தால் பக்கம் கெட்டுவிடும்.

நான் யாழ்ப்பாணத்தான். எங்கள் ஊரில் நதி இல்லை, மலை இல்லை, மழைக்காடு என்றால் பாடப்புத்தகத்தில் ஒரு படம். மலைநாட்டுக்கு வாழ்நாளில் ஒரே ஒரு முறை பள்ளிக்கூடச் சுற்றுலாவில் போனேன். வளைவுகளில் பஸ்ஸுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தது தவிர எந்த இயற்கைக் காட்சியும் நினைவில் இல்லை. எனக்குத் தெரிந்த நிலநீர்வாழ் உயிரினம் குளியலறைத் தேரை. அதைப் பற்றித் தெரிந்ததும் விளக்குமாற்றால் எப்படி வெளியேற்றுவது என்பது மட்டும். ஆனால் ஒரு மனிதன் 'நிபுணர்' என்று இரண்டு வாரம் அழைக்கப்பட்டால் மூன்றாம் வாரம் நம்பத் தொடங்கிவிடுகிறான். நான் ஒரு கண்காணிப்புப் படிவம் வரைந்தேன். தண்ணீர்த் தொட்டியில் முட்டை: உண்டு, இல்லை. தலைப்பிரட்டை: உண்டு, இல்லை. தினமும் காலை 'இல்லை', 'இல்லை' என்று குறித்துக் கையொப்பமிட்டேன். தவளை என்றால் தண்ணீரில்தானே முட்டையிடும்? இரண்டாம் வகுப்பில் படித்தது.

இதற்கிடையில் கண்டியிலிருந்து ஜெயந்தி என்ற ஓர் ஆய்வாளர் மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருந்தார். உங்கள் இணையதளத்தில் படங்களைப் பார்த்தேன், இந்த இனத்தைத்தான் பல வருடமாக ஆராய்கிறேன், உதவட்டுமா என்று. "நன்றி. எங்களிடம் போதிய நிபுணத்துவம் உள்ளது" என்று பதில் போட்டேன். இரண்டாவதற்கும் அதே பதில். மூன்றாவதை அவர் இயக்குநருக்கு நேரே அனுப்பிவிட்டார். இயக்குநர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குக் காணொளி அழைப்புக்கு ஏற்பாடு செய்தார்.

அதற்கு முதல் நாள், திங்கட்கிழமை, நடந்தது இது.

எங்கள் துப்புரவுப் பணியாளர் தவமணி. ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் ஆள், எங்கள் ஊர்ப் பெண். பார்க் எக்ஸ்டென்ஷனில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தார். காலை ஆறரைக்கே வந்துவிடுவார். தவளைகளின் இரவை எங்கள் காலையாக மாற்றி வைத்திருந்தோம். அந்த நேரத்தில் அறையில் மங்கல் விளக்குத்தான் எரியும். நான் எட்டு மணிக்கு உள்ளே போனபோது தவமணி துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு கதவடியில் காத்து நின்றார்.

"அண்ணை, அந்தப் பெரிசு இருக்கெல்லோ, அது மண்ணுக்கை என்னவோ செய்யுது. கிண்டிக் கிண்டி, பேந்து பின்பக்கத்தாலை மூடுது. பூனை மாதிரி."

"பூனை மாதிரியோ?"

"ஓம். பூனை வெளிக்குப் போனா மூடுமெல்லோ, அப்பிடி."

என் மூளை எவ்வளவு வேகமாக வேலை செய்தது என்று இப்போதும் வியக்கிறேன். பூனை போல மூடினால் பூனை போல அசுத்தம் செய்திருக்கிறது. அசுத்தம் என்றால் கிருமி. கிருமி என்றால் மண் மாற்றம். அறைக் கையேடு, பதினெட்டாம் விதி, எழுதியவன் நான்.

"முழு மண்ணையும் அள்ளி மஞ்சள் பையில் போடுங்கோ. முத்திரை வைச்சுக் கையொப்பம் போடுங்கோ. புது மண் நான் கொண்டுவாறன்."

"முழுக்கவோ அண்ணை? அது பாவம், இவ்வளவு நேரமாக் கஷ்டப்பட்டு..."

"முழுக்க."

பத்து மணிக்குள் எல்லாம் முடிந்தது. பை கட்டப்பட்டு, இலக்கமிட்ட பிளாஸ்டிக் முத்திரை பூட்டப்பட்டு, இரண்டு கதவுகளுக்கு நடுவே இருக்கும் வெளி அறையின் இரும்புத் தொட்டிக்குள் மற்ற மூன்று பைகளோடு சேர்ந்தது. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு லொறி வந்து எடுத்துக்கொண்டு போய் எரிக்கும். நான் படிவத்தில் 'இல்லை', 'இல்லை' என்று குறித்துவிட்டு, குறிப்புக் கட்டத்தில் 'சுகாதார நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்றும் எழுதினேன்.

மறுநாள் ஒன்பது மணிக்கு அதே வெளி அறையில் கணினியைத் திறந்தேன். தவமணி பின்னால் தரை துடைத்துக்கொண்டிருந்தார். திரையில் கம்பளிச் சால்வை போர்த்திய ஒரு பெண். அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். பின்னால் யாரோ கோப்பை கழுவும் சத்தம். ஜெயந்தி தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவராம். என் பெயரைப் பார்த்தவுடன் ஆங்கிலத்தை விட்டுத் தமிழுக்கு வந்துவிட்டார்.

"வணக்கம் ஐயா. பொண்ணு எப்படி இருக்குங்க?"

பெண் கொடுத்த வீட்டார் கேட்பது போல இருந்தது. நலமாக இருக்கிறது, நன்றாகச் சாப்பிடுகிறது என்றேன்.

"மண்ணு எத்தனை அங்குலம் போட்டிருக்கீங்க?"

"போதிய அளவு போட்டிருக்கு. நேற்றுத்தான் முழுவதையும் மாற்றினோம்."

"மாத்திட்டீங்களா? ஏங்க?"

"கிண்டி அசுத்தம் பண்ணிப்போட்டுது. பூனை மாதிரி."

கோப்பைச் சத்தம் நின்றது. அவர் யாரையோ கையசைத்து நிறுத்தியிருக்க வேண்டும்.

"ஐயா, பூனை மாதிரின்னா... குழி தோண்டி, பின்னங்காலால மூடுச்சுங்களா?"

"ஓம்."

"அந்தப் பழைய மண்ணு இப்ப எங்கங்க?"

நான் திரும்பி இரும்புத் தொட்டியைப் பார்த்தேன். அவரே தொடர்ந்தார். குரல் மெதுவாக, கண்ணாடிப் பாத்திரத்தைத் தூக்கி வைப்பது போல வந்தது.

"இதோட சொந்தக்கார இனத்துல எதுக்குமே தலைப்பிரட்டை கிடையாதுங்க. தண்ணிக்கே போகாது. சிலது இலையில முட்டை வைக்கும், சிலது மண்ணுல புதைக்கும். முட்டைக்குள்ளயே முழுசா வளர்ந்து, குட்டித் தவளையாத்தான் வெளிய வரும். ஐயாவுக்குத் தெரிஞ்சிருக்கும். ஆனா இந்த இனம் எங்க வைக்குதுன்னு யாரும் பார்த்ததில்ல. அஞ்சு மழைக்காலமா அட்டை கடிக்கக் கடிக்க முட்டி போட்டுத் தேடுறேன். ஒண்ணு கூடக் கிடைக்கல."

'ஐயாவுக்குத் தெரிஞ்சிருக்கும்' என்பது மரியாதையா குத்தலா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. அப்போது அதைப் பற்றி யோசிக்க நேரமும் இல்லை. சுவர் மணிக்கூட்டில் ஒன்பது இருபது. ஒரே பெண் தவளையின் முட்டைகள், உலகில் எவரும் பார்த்திராத முட்டைகள், எனக்குப் பின்னால் ஆறடி தூரத்தில் ஒரு மஞ்சள் பைக்குள் இருந்தன. நாற்பது நிமிடத்தில் அடுப்புக்குப் புறப்படும்.

இனி எழுதப்போவது உங்களுக்குப் பயன்படும் என்பதால் மட்டும் எழுதுகிறேன். நான் ஒலிவாங்கியை அணைத்துவிட்டு மூன்று நிமிடம் சும்மா இருந்தேன். அந்த மூன்று நிமிடத்தில் என் மனம் முட்டைகளைப் பற்றி நினைக்கவே இல்லை. 'லொறி ஏற்கனவே போய்விட்டது' என்று சொன்னால் என்ன என்றுதான் நினைத்தது. கண்டியில் இருப்பவர் லொறி நேரத்தைச் சோதிக்கப் போகிறாரா? வருத்தப்படுவார். நானும் வருத்தப்படுவேன். இருவரும் வருத்தப்பட்டால் காரியம் முடிந்துவிடும். அதுவரை ஓர் எச்சரிக்கைக் கடிதம்கூட வாங்காதவன் நான்.

அழைப்பு தமிழில் நடந்தது என்பதை மறந்துவிட்டேன்.

"அண்ணை," என்றார் தவமணி. துடைப்பம் நின்றுவிட்டது. "முட்டையோ அது? அந்தப் பையுக்கையோ கிடக்குது?"

"பையைத் திறக்க ஏலாது தவமணி. விதி இருபத்திரண்டு. முத்திரை வைச்ச பையை எவரும் எக்காரணம் கொண்டும் திறக்கக்கூடாது."

"ஆர் அண்ணை உந்த விதியை எழுதினது?"

"நான்தான்."

"அப்ப உங்களிட்டையே கேளுங்கோவன்."

நான் இயக்குநரைக் கூப்பிடத் தொலைபேசியை எடுத்தேன். அதே நேரம் பின்கதவு மணி அடித்தது. லொறி, வரலாற்றில் முதல் தடவையாக அரை மணித்தியாலம் முந்தி வந்திருந்தது.

லொறிக்காரர் உயரமான மனிதர், எப்போதும் எதையாவது முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருப்பார். தாளைப் பார்த்தார். நான்கு பை. மூன்றை மட்டும் தருகிறேன் என்றேன். பாட்டு நின்றது.

"தாளில் நான்கு இருக்கிறது, மெஸ்யே," என்றார் பிரெஞ்சில்.

"ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது."

"முடியாது. நீங்கள்தானே எங்களுக்கு வகுப்பெடுத்தீர்கள்? 'தாளில் நான்கு என்றால் நான்கு. மனம் மாறிவிட்டது என்று யார் சொன்னாலும் நம்பாதே. நானே சொன்னாலும் நம்பாதே.'"

அந்தக் கடைசி வசனத்தை அன்று வகுப்பில் சற்றுப் பெருமையோடுதான் சொல்லியிருந்தேன்.

இயக்குநர் வந்து சேர்ந்தார். நான்கு வசனத்தில் சொன்னேன். எனக்கு இந்தத் தவளைகளைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது மூன்றாவது வசனம். அவர் என்னைப் பார்த்த பார்வையை வருணிக்கமாட்டேன். பிறகு, "விதியை மாற்ற என்ன வழி?" என்று கேட்டார். உயிரியல் பாதுகாப்புக் குழு கூட வேண்டும் என்றேன். அந்தக் குழுவில் யார் யார்? தலைவர் நான். உறுப்பினர் நீங்கள். மூன்றாமவர் ஓய்வுபெற்று நான்கு வருடமாக நாற்காலி காலி. கூட்டம் நடத்த இருவர் போதும்.

"நல்லது," என்றார் இயக்குநர். "குழு கூடிவிட்டது. பேசுங்கள்."

நடைபாதையில், காலணி மேல் நீல நிறப் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு, கையுறைப் பெட்டியின் பின்புறத்தில் நடவடிக்கைக் குறிப்பு எழுதியபடி, எங்கள் நிறுவனத்தின் மிகக் குறுகிய குழுக் கூட்டம் நடந்தது. லொறிக்காரர் கையைக் கட்டிக்கொண்டு பார்வையாளராக நின்றார். நான் விதியை வாசித்தேன். விதிவிலக்கு உண்டா என்று பார்த்தேன். இல்லை. நான் எழுதும் விதிகளில் விதிவிலக்கு இருப்பதில்லை. அது பலவீனம் என்று நினைத்த காலம் அது.

"ஒரு கேள்வி," என்றார் லொறிக்காரர். "ஏன் திறக்கக்கூடாது?"

"வேற்றுநாட்டு மண். அதில் என்ன நோய் ஒட்டியிருக்கிறது என்று தெரியாது. தவளைகளின் தோலைத் தின்னும் பூஞ்சை ஒன்று ஊர் ஊராகப் பரவி எத்தனையோ இனங்களைக் கொன்றிருக்கிறது. இந்த மண்ணில் ஒரு பிடி ஆற்றங்கரைச் சதுப்புக்குப் போய்ச் சேர்ந்தால் இந்த ஊர்த் தவளைகள் கதி என்ன? அதனால் மண் இந்த அறையை விட்டு வெளியே போகக்கூடாது."

"நான் ஏற்றினால்தானே மெஸ்யே வெளியே போகும்?"

பை இன்னும் இரண்டாம் கதவுக்கு உள்ளேதான் இருந்தது. திறப்பதும் உள்ளே. கிண்டுவதும் உள்ளே. மீண்டும் கட்டுவதும் உள்ளே. விதியின் எழுத்தைக் காப்பாற்ற மண்ணை வெளியே அனுப்ப இருந்தேன். விதியின் காரணம் மண்ணை உள்ளே வை என்றது. நான் எழுதிய காரணத்தை நானே மறந்து, எழுத்தை மட்டும் மனப்பாடமாக வைத்திருந்தேன்.

"சரி. ஆனால் என் தாள்?" என்றார் லொறிக்காரர். "மூன்றுக்கு நான் எப்படிக் கையொப்பமிடுவது?"

இங்கேதான் என் கல்வி உதவியது. விதி ஏழின்படி, உயிருள்ள விலங்கை மருத்துவச் சான்று இல்லாமல் கழிவாக அனுப்ப முடியாது. முட்டை உயிருள்ள விலங்கு. ஆகவே அது கழிவுப் பை அல்ல. பதிவு செய்யப்படாத ஒரு விலங்கு. நான் விலங்குப் பதிவேட்டை எடுத்து, ஆறு தவளைகளுக்குக் கீழே ஏழாம் இலக்கத்தை எழுதினேன். இனம்: மேற்படி. பால்: தெரியாது. நிறம்: மஞ்சள். அடையாளம்: வாயில் பிளாஸ்டிக் முத்திரை.

லொறிக்காரர் பதிவேட்டை வாசித்தார். தாளில் நான்கை வெட்டி மூன்று என்று எழுதினார். மூவரும் கையொப்பமிட்டோம்.

"வகுப்பில் இதை நீங்கள் சொல்லித் தரவில்லை," என்று சொல்லிவிட்டு, பாட்டை விட்ட இடத்திலிருந்து தொடங்கிப் போனார்.

முத்திரையை வெட்டினோம். வெள்ளைத் தட்டங்களில் மண்ணைப் பரப்பினோம். ஒலிவாங்கியை மீண்டும் திறந்தேன்; கண்டியில் காத்திருந்த ஜெயந்தி வழிகாட்டினார். "தண்ணி ஊத்தாதீங்க, தெளிங்க. முட்டையச் சுத்தி மண்ணு ஒட்டியிருக்கும். மண் உருண்டை மாதிரியே இருக்கும். உருண்டையா எது இருந்தாலும் தொடாம சொல்லுங்க." முதலில் கண்டவர் தவமணி என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். தவமணிக்குக் கிட்டத்துப் பார்வை சரியில்லை. அவர் பயபக்தியோடு எடுத்துவைத்த மூன்றும் சுத்த மண். நான் தேக்கரண்டியோடு இறங்கி இரண்டை உடைத்தேன். உடைத்த பிறகுதான் அவை முட்டை என்று தெரிந்தது. இயக்குநர் என் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கினார். சிவப்புச் சாயம் பூசிய நீள நகத்தால் ஓர் உருண்டையை மெல்ல உருட்டி, தெளிப்பானால் ஒரு தடவை தெளித்தார். மண் கழன்றது. உள்ளே சவ்வரிசி போன்ற ஒன்று. அதற்குள் ஒரு வெளிர்ப்புள்ளி.

கண்டியில் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது.

மாலை மூன்று மணிவரை தேடி, முழுதாகப் பதினாறு எடுத்தோம். புது மண்ணில், தனிப் பெட்டியில் வைத்தோம். அதன்பின் ஒரு மாதத்துக்கு மேல் காத்திருப்பு. ஜெயந்தி தினமும் ஒரே கேள்வி எழுதுவார்: "இருக்கா?" நான் தினமும் ஒரே பதில் எழுதுவேன்: "தெரியவில்லை." அந்தச் சொல்லை அத்தனை தடவை எழுதியதில் எனக்கு அது பழகிவிட்டது. பரிந்துரைக்கிறேன்.

ஒரு காலை மண் அசைந்தது. மிளகளவில் ஒரு தவளை, முழுத் தவளை, நான்கு காலும் இரண்டு கண்ணுமாக, வாலின் மிச்சம் ஒரு நூல் போல ஒட்டியிருக்க, மேலே வந்து நின்று எங்களைப் பார்த்தது. பயப்படவில்லை. பயப்பட இன்னும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்த வாரத்துக்குள் பதினொன்று வந்தன.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். தவளை பிழைத்தது நல்ல செய்தி. அதில் உங்களுக்குப் பாடம் ஒன்றும் இல்லை.

ஜெயந்திக்கு இப்போது வேறொன்று தேவைப்பட்டது. அந்த இனம் வாழும் மலைச்சரிவில் மரங்களுக்குக் கீழே ஏலக்காய் பயிரிடுகிறார்கள். மழைக்காலத்தில் செடியடியைக் கொத்திப் புரட்டுவார்கள். நான் செய்ததைத்தான் அவர்களும் செய்கிறார்கள், அகலமாக. தவளை மண்ணில்தான் முட்டையிடுகிறது என்று எழுத்தில் காட்டினால், அந்தச் சில வாரங்களுக்கு மண்வெட்டியை ஒதுக்கி வைக்கும்படி அவர்களிடம் கேட்கலாம். அவர்கள் இணங்குவார்கள் போலவும் இருந்தது. ஆனால் 'மண் பையில் முட்டை கிடந்தது' என்பது போதாது. யாரோ கொட்டியிருக்கலாம், இலையிலிருந்து விழுந்திருக்கலாம். தவளை புதைத்ததைக் கண்ணால் கண்ட சாட்சி வேண்டும். பெயரோடு.

தவமணியைக் கணினி முன் உட்கார வைத்தேன்.

"சொல்லுங்கக்கா, முதல்ல என்ன செஞ்சுச்சு?"

"முதல் அவள் மட்டுமில்லைப் பிள்ளை. முதுகிலை ஒரு சின்னன் ஏறி இருந்தது. அவனையும் தூக்கிக்கொண்டுதான் குழி கிண்டினவள். அவன் ஒரு உதவியும் இல்லை, சும்மா இருந்தவன். பேந்து அலுவல் முடிய இறங்கிப் போட்டான். அவள் தனிய நிண்டு மண்ணையும் அதையும் காலாலை குழைச்சுக் குழைச்சு மூடினவள்."

"ஆம்பளை உதவவே இல்லையா?"

"எந்த வீட்டிலை பிள்ளை உதவினவை?"

இருவரும் சிரித்தார்கள். நான் குறிப்பெடுப்பதில் கவனமாக இருந்தேன்.

"முன்னங்காலா, பின்னங்காலாக்கா?"

"பின்னங்கால். மூடிப்போட்டு மேலை ஏறி நிண்டு அமத்தினவள். பேந்து ஒரு காஞ்ச இலையை இழுத்து மேலை விட்டவள். தற்செயலோ தெரியாது."

ஜெயந்தி எழுதிக்கொண்டே போனார். இத்தனையும் தவமணி அன்று காலை என்னிடம் 'பூனை மாதிரி' என்ற இரண்டு சொல்லில் சொல்லியிருந்தார். நான் மேலே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

"மொத்தம் எவ்வளவு நேரம் ஆச்சு?"

"முக்கால் மணித்தியாலம் வரும்," என்ற தவமணி சட்டென்று நிறுத்தினார். என்னைத் திரும்பிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"அண்ணை. என்ரை பேரைப் போடாதேங்கோ."

காரணம் எனக்கு உடனே விளங்கியது. அவருடைய வேலைப் பட்டியலும் என் தயாரிப்புத்தான். தரை பன்னிரண்டு நிமிடம். கண்ணாடி ஒன்பது நிமிடம். தொட்டி ஏழு நிமிடம். தவளையைப் பார்ப்பதற்கு நிமிடம் எதுவும் இல்லை.

"துடைப்பத்தைப் பிடிச்சுக்கொண்டு முக்கால் மணித்தியாலம் சும்மா நிண்டனான் எண்டு கொம்பனிக்காரன் வாசிச்சா, அண்டைக்கே வேலையாலை நிப்பாட்டிப் போடுவான். மனுசனை இங்கை எடுக்கிறதுக்கு வேலைக் கடிதம் குடுக்க வேணும். விசா கையிலை வர இன்னும் நாலு மாசம் கிடக்குது. தவளைக்காண்டி நான் மனுசனை விட ஏலுமோ?"

அன்று பின்னேரம் இயக்குநர் நடைமுறையான ஒரு யோசனை சொன்னார். அறைப் பொறுப்பாளர் நான்தானே. பார்த்தவர் என்று என் பெயரைப் போட்டுவிட்டால் எவருக்கும் தொல்லையில்லை. மறுக்க எனக்கு மனம் வரவில்லை என்பதே உண்மை. இன ஆலோசகர் நேரில் கண்டார் என்றால் வாசிக்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! பேனாவைத் திறந்தும்விட்டேன். பிறகு, ஒரு நிறுவன ஊழியர் வேலை நேரத்தில் வேறு வேலை செய்தால் என்ன நடைமுறை என்று பார்க்க அறைக் கையேட்டை எடுத்தேன். தவமணிக்கு எதிராக என்ன விதி இருக்கிறது என்று தெரிந்தால் அதைச் சுற்றிப் போக வழி தேடலாம் என்பது எண்ணம்.

அப்படி ஒரு விதி இல்லை. ஆனால் இரண்டாம் விதி கண்ணில் பட்டது. கையேடு தொடங்கிய வருடம், எனக்கு இன்னும் கொஞ்சம் புத்தி இருந்த காலத்தில், எழுதியது. "இந்த அறையில் எவரேனும் விலங்கொன்றின் வழக்கத்துக்கு மாறான நடத்தையைக் கண்டால், செய்துகொண்டிருக்கும் வேலையை உடனே நிறுத்தி, அது முடியும்வரை கவனித்து, பொறுப்பாளருக்கு அறிவிக்க வேண்டும்."

எவரேனும். உடனே. முடியும்வரை. அறிவிக்க வேண்டும். அந்தக் கட்டடத்தில் அன்று காலை கையேட்டை எழுத்துப் பிசகாமல் பின்பற்றியவர் ஒரே ஒருவர். அவர் அதை வாசித்ததே இல்லை.

சாட்சியாக என் பெயரைப் போடுவதை விட்டுவிட்டு, ஒப்பந்த நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினேன். உங்கள் பணியாளர் இரண்டாம் விதிப்படி நடந்து எங்கள் நிறுவனத்துக்குப் பெருமை தேடித் தந்தார். இனி இந்த அறைக்கு வரும் அனைவரும் அவ்வாறே செய்யும்படி அறிவுறுத்தவும். நகல் இயக்குநருக்கு. நிறுவனத்திலிருந்து பாராட்டுக் கடிதம் ஒன்று தவமணிக்கு வந்தது. கூடவே எனக்கு ஒரு கேள்வியும் வந்தது: எங்கள் பணியாளர் அறிவித்தபோது பொறுப்பாளர் என்ன நடவடிக்கை எடுத்தார்?

நல்ல கேள்வி. எழுதினவருக்கு நம்மிடம் வேலை கொடுத்திருக்கலாம். "முழு மண்ணையும் அப்புறப்படுத்தும்படி உத்தரவிட்டார்" என்று பதில் எழுதிக் கையொப்பமிட்டேன். அதன் பயனாக இயக்குநரிடமிருந்து என் பணிக்காலத்தின் ஒரே எச்சரிக்கைக் கடிதத்தைப் பெற்றேன். வாசகம் கடுமையாகவும் தெளிவாகவும் இருந்தது. மாதிரியை நான்தான் எழுதியிருந்தேன்.

ஜெயந்தியின் ஆய்வுக் குறிப்பு வெளிவந்தபோது கோடை முடிந்திருந்தது. தவமணியின் கணவர் வந்து சேர்ந்து மூன்று வாரம். ஏலக்காய்க்காரர்கள் அந்த மழைக்காலத்துக்கு மண்வெட்டியை வைத்துவிட ஒத்துக்கொண்டிருந்தார்கள். நான் தாளை அச்சிட்டுக்கொண்டு வந்து தவமணியிடம் நீட்டினேன். அவர் கண்ணாடி மாட்டி, தன் பெயரை விரலால் தொட்டார். பிறகு அந்தப் பந்தியை வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொன்னார். சொன்னேன். 'சுமார் நாற்பத்தைந்து நிமிடம்' என்ற இடத்தில் என்னை நிறுத்தினார்.

"அண்ணை, இனி வேலை போகாதெல்லோ?"

"போகாது."

"மனுசனும் வந்திட்டார். திருப்பி அனுப்பமாட்டினம்?"

"மாட்டினம்."

"அப்ப அந்த நிமிசக் கணக்கை மாத்துங்கோ. அது முக்கால் மணித்தியாலமில்லை. ஒண்டேகால். பயத்திலை குறைச்சுச் சொல்லிப்போட்டன்."

அன்றே கண்டிக்குத் திருத்தம் எழுதினேன். உங்கள் அறையிலும் யாரோ ஒருவர், இந்த நிமிடம், கண்டதில் பாதியைக் குறைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஏன் என்று நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். நான் கை கழுவிவிட்டேன்.